முப்பத்தைந்து குத்து

கட்டடம் கட்டுகிறவர்கள் கலக்கும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து வந்து, சதுரக் கட்டையாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து உடைத்துப் பார்க்கிற இடத்தில் நான் வேலை செய்கிறேன். கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது என் பொறுப்பு. சாயங்காலம் அன்றைக்கு வார்த்த கட்டைகள் மேல் ஈரச்சாக்கு போர்த்துவதும் என் பொறுப்பு. குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போர்த்துவேன். கட்டைக்கு என்ன தெரியும், ஆனாலும் போர்த்துகிற கைக்கு ஒரு மரியாதை வேண்டும் அல்லவா.

அங்கே கட்டை வார்ப்பவர் முப்பத்தஞ்சு அண்ணன். வயது ஐம்பத்திரண்டு. முப்பத்தைந்து என்பது அவர் குத்துகிற கணக்கு. இரும்பு அச்சில் கான்கிரீட்டை மூன்று தட்டாக, அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் கம்பியால் முப்பத்தைந்து முறை குத்த வேண்டும். உள்ளே காற்று நின்றுவிட்டால் கட்டை சீக்கிரம் உடைந்துவிடும். அண்ணன் வாய்விட்டு எண்ணுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டிலிருந்து அண்ணி போன் செய்தாலும், "இருபத்தி மூணு, இருபத்தி நாலு" என்றுதான் பதில் போகும். அண்ணியும் பொறுமையாக முப்பத்தைந்து வரும்வரை காத்திருந்து, பிறகு திட்டுவாள்.

அதற்கு முன்னால் இருபது வருஷம் அவர் சிமெண்ட் மூட்டை சுமந்தவர். அவர் கையில் கம்பியைக் கொடுத்தது எங்கள் இன்ஜினியர் மேடம். அண்ணன் மகளைவிட இரண்டு வயது சின்னப் பெண்.

"மூட்டை தூக்கிட்டே ரிட்டயர் ஆகப் போறீங்களாண்ணே? இந்தாங்க, பிடிங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? உடைச்சிடுவேன்."

"உடைக்கத்தானே செய்யறோம் இங்க? பிடிங்க."

மூன்று மாதம் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தாள். அவர் வார்த்த முதல் கட்டை தேறிய அன்று, உடைந்த துண்டைத் தட்டில் வைத்து, பெண்ணுக்கு வரன் அமைந்ததுபோல ஒவ்வொரு மேஜையாகக் காட்டிக்கொண்டு போனார். அந்தச் சந்தோஷம் அடங்காமல் அடுத்த வாரம் ஒரு கேக் செய்து கொண்டுவந்தார். எங்கள் சோதனைக் காலம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அவர் மகள் கல்யாணத்துக்கு வந்த ஓவன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. கேக் டின் கிடையாது. ஒரு மில்லி கோணல் என்று கழித்துப்போட்ட புது இரும்பு அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், தேய்த்துக் கழுவி, அதில் வேக வைத்தார். மைதா பாக்கெட்டின் பின்னால் போட்டிருந்த செய்முறைதான் குரு. மாதம் ஒரு தடவை வரும். ஆறங்குல நீளம், அகலம், உயரம். ஒரு மூலைகூட மழுங்கியிருக்காது. பார்த்தால் வாசற்படிக்கு ஆகும்.

மெஷினை ஓட்டுகிற மெஷின்காரர் அதை டீயில் முக்குவார். "டீ ஆறிடுச்சு, இது அசையல" என்பார் என்னிடம் மட்டும். மேடம் இரண்டு வருஷமாக, "வீட்டுக்குப் போய் நிதானமா சாப்பிடறேண்ணே" என்று டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வாள். எனக்குச் சாப்பிடுமுன் கண்மூடி ஆண்டவனை நினைக்கிற வழக்கம் உண்டு. அண்ணன் கேக் வருகிற நாளில் கொஞ்சம் கூடுதலாக, பல்லுக்காகவும் வேண்டிக்கொள்வேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்கு உண்மை சொல்ல மனசு வரும்?

போன மழைக்காலத்தில் குட்டு வெளிப்பட்டது. முழுதாக மிஞ்சியிருந்த ஒரு கேக்கை மெஷின்காரர் மெஷினில் வைத்துவிட்டார். அண்ணன் உள்ளே நுழைகிற நேரம், தகட்டில் தூள் கிடந்தது. மெஷின்காரர் சமாளிக்கத் தெரியாமல், "ரெண்டு டன் தாங்குச்சுண்ணே! காம்பவுண்டு சுவருக்குத் தாராளமாப் போதும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கி, தூளை அவரே கூட்டி அள்ளினார்.

டீ கொடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டார். "அக்கா, மேடமும் சாப்பிடறதில்லையா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் கப்பைக் கழுவப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் கேக் வரவில்லை. மேடத்துக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று தெரிந்ததும்தான் அண்ணன் மறுபடி வாய் திறந்தார். "கடைசியா ஒண்ணு செய்யறேன்க்கா. என் கண்ணு முன்னால அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டாப் போதும். டிஷ்யூல சுத்தினா, ஓவனைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவருக்கு வெளியே போய்க் கலவை எடுத்து வருகிற வேலை. அதனால் வியாழன் சாயங்காலமே கேக்கை அச்சோடு கொண்டுவந்து, மேலே வெள்ளைக் காகிதம் மூடி, குளிர்ச்சியான இடம் என்று வார்க்கிற அறை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வைத்தவர் சும்மா போகக் கூடாதா? கைப்பழக்கம், ஒவ்வொரு கட்டை அச்சின் மேலும் காகிதம் மூடி எழுதுவதுபோலவே, இந்தக் காகிதத்தின் மேலும் நீலச் சாக்பீஸால் தேதி எழுதியிருக்கிறார்.

ஆறு மணிக்கு நான் போனேன். அச்சு வரிசையாக இருக்கிறது, தேதி இருக்கிறது. சாக்கை நன்றாக நனைத்து, பிழிந்து, வரிசை முழுக்கப் போர்த்தி, ஓரமெல்லாம் செருகிவிட்டு, ஆண்டவனே காப்பாற்று என்று விளக்கை அணைத்தேன்.

காலையில் மெஷின்காரர் அச்சுகளைக் கழற்றினார். பன்னிரண்டு சாம்பல் நிறத்தில் வந்தன. பதின்மூன்றாவது பழுப்பு நிறத்தில் வந்தது. நல்லவேளை, தண்ணீர்த் தொட்டியில் போடுவதற்குள் அவருக்கு வாசனை வந்துவிட்டது.

"அக்கா! கேக்குக்குச் சாக்கு போர்த்தினது நீங்களா?"

அண்ணன் அந்த நேரம் பார்த்து வந்து நின்றார். கேக்கைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன். மேல் காகிதத்தை மட்டும் உரித்துப்போட்டுவிட்டு, "விதிச்சது இவ்வளவுதான்" என்று கத்தியை எடுத்தார்.

கத்தி உள்ளே போனது.

நீங்கள் இதன் அதிசயத்தை உணர வேண்டும். இதற்கு முன் அந்தக் கேக்கில் கத்தி போனதில்லை, உளியைத்தான் தேடுவோம். ராத்திரி முழுக்க ஈரத்தில் இருந்ததில் மேல்பாதி இளகியிருந்தது. பத்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். அண்ணன் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். மேடத்தின் கை பழக்கத்தில் டிஷ்யூவை எடுத்தது. அண்ணன் அந்த டிஷ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். டிஷ்யூவை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வாய் கடித்தாள். மென்றாள். கண்ணை அகல விரித்தாள்.

"அண்ணே, நல்லாருக்கு! நிஜமா! மேல மெத்துன்னு இருக்கு. கீழதான் கொஞ்சம்... இதை எப்படிண்ணே செய்யறீங்க?"

அண்ணன் நிமிர்ந்து நின்றார். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் மேடம். மூணு தட்டா ஊத்தி, தட்டுக்கு முப்பத்தஞ்சு குத்து, கரண்டிக் காம்பால. ஒரு காத்துக்குமிழி இருக்காது."

மெஷின்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் முதுகு குலுங்கியது.

மேடம் சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "அண்ணே, கேக்குக்குக் காத்து வேணும்ணே! அது இருந்தாத்தான் கேக்கு! ரெண்டு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு வருஷமா நீங்க ஏன் மேடம் சொல்லல?"

மேடம் டிஷ்யூவைத் தள்ளி வைத்தாள். கீழ்ப்பாதியையும் கையில் எடுத்தாள். அந்தக் கல்லை, கடைவாயில் வைத்து, நற நற என்று முழுவதையும் தின்று முடித்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

இப்போது மாதம் இரண்டு கேக் செய்கிறார். ஒன்று எங்களுக்கு, ஒன்று பார்சலில் மேடத்துக்கு. குத்துவதை அடியோடு விட அவருக்கு மனசு வரவில்லை. தட்டுக்கு ஐந்துக்கு இறங்கியிருக்கிறார். பதமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பல்லுக்கான வேண்டுதலை நான் நிறுத்தவில்லை. ஆண்டவனிடம் திடீரென்று ஒன்றைக் குறைத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்?