பரோட்டா மாஸ்டரின் உளுந்தங்களி

உளுந்தங்களி கிண்டும்போது இசக்கிப்பாண்டியிடம் யாரும் பேசக்கூடாது. கருப்பட்டிப் பாகில் மாவைத் தூவி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, அடுப்போடு மல்லுக்கட்டுவார். நனைத்த விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் மறுபடியும் துடுப்பு.

வள்ளியூர்க்காரர். மலையாளக் கரையில், கிழக்கேகோட்டைப் பக்கம் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். நாளெல்லாம் மைதாவைப் போட்டு அடிக்கிறவருக்கு மைதாவின்மேல் துளி மரியாதை கிடையாது. "சத்துன்னு பாத்தா தொலி உளுந்துதான் அண்ணாச்சி! இடுப்பெலும்பு இரும்பாயிரும். இதுல என்ன இருக்கு, வெறும் காத்து!" என்று, பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருப்பவரிடமே சொல்வார். கல்லாவில் முதலாளி இருமுவார். முதுகுவலிக்கு உளுந்து, முழங்கால்வலிக்கு உளுந்து. காதல் தோல்வி என்று யாராவது வந்து நின்றாலும் உளுந்தைத்தான் சொல்வார், மகராசன்!

அந்தப் பேச்சு எடுபடாத ஒரே இடம் அவர் வீடு. மனைவி ரெம்யா விதுராக்காரி, மலையாளி; காதல் கல்யாணம். பெண்குழந்தை பிறந்து இரண்டு வாரமாகிறது. ரெம்யாவுக்கு ரத்தம் குறைவு, நன்றாகச் சாப்பிட்டால்தான் தேறுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கோ எதைக் கண்டாலும் குமட்டல். துணைக்கு வந்த அவள் அம்மா ஷீஜா வைத்த வெந்தயக் கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கிறது. களியையும், "நல்லெண்ணெ மணம் பிடிக்கல" என்று தள்ளிவிட்டாள். "நல்லெண்ணெ இல்லாம களியா பிள்ள?" என்று கெஞ்சிப் பார்த்தார். கேட்கவில்லை. இசக்கிப்பாண்டிக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் கிண்டுவது.

அன்றும் கிண்டினார். உருண்டை பிடித்து, எண்ணெய் ஊற்றக் கட்டைவிரலால் நடுவில் குழித்து, தட்டை ரெம்யாவின் முன்னால் வைத்துவிட்டு நல்லெண்ணெய்க் குப்பியை எடுத்துவரப் போனார். திரும்பி வருவதற்குள், எந்தப் பண்டத்தையும் பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டு முடித்தே பழகிய ஷீஜா, அந்தக் குழி நிறைய அதை ஊற்றிவிட்டார்.

"அய்யய்யோ அத்த! களிக்குப் போயி தேங்காண்ணெயா? எங்க ஊர்ல கேட்டா காறித் துப்புவாவ!"

"எந்தா மோனே இத்ர பகளமும் சத்தமும்? எல்லாத்துலயும் வெளிச்செண்ணதானே ஊத்துவோம்!"

"மத்ததுல ஊத்துங்க அத்த, களில ஊத்தலாமா? களி கெட்டுச்சு, போங்க!"

"ஓ, பின்னே! நிங்ஙள்ட எண்ண மட்டும் சொர்க்கத்துலருந்து வந்ததாக்கும்!"

இருவரும் ஆளுக்கொரு குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். யார் யாரை ஜெயிப்பது என்று கட்டிலில் இருந்தவளுக்கு அக்கறை இல்லை. ஒரு விள்ளல் கிள்ளி எண்ணெயில் தொட்டு வாயில் போட்டாள். அடுத்து ஒன்று. பிறகு பெரிதாக ஒன்று.

"இன்னும் இத்திரி கூடி தரீங்களா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தட்டு காலி. ரெம்யாவின் மோவாயில் எண்ணெய் மினுங்கியது.

இசக்கிப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வள்ளியூர் மானம் ஒருபுறம் இழுக்காமலும் இல்லை. உட்கார்ந்து, முன்னதைவிடப் பெரிய உருண்டையாகப் பிடித்தார். கட்டைவிரலால் ஆழமாகக் குழித்தார். பிறகு, மாமியார் முகத்தைப் பார்க்காமலேயே, தேங்காயெண்ணெய்க்குக் கையை நீட்டினார்.