இடம் பிடித்து வைத்த சுவெட்டர்

மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி என் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். மழை வரும், மண் சரியும், சின்னவனுக்குச் சளி என்று நானும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தான் நான். ஆனால் இது வேறு.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. தலவாக்கலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தோம். தெஹிவளை மிருகக்காட்சி சாலைக்குப் போய்ச் சிங்கம் பார்க்கலாம் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து, அம்மா தினமும் தண்ணீர்ப் பீலியடியில் உட்கார்ந்து தேசிக்காயைப் பிழிந்து விரல்களைத் தேய்த்தார். கொழுந்து பறித்த கறை சுலபத்தில் போகுமா?

"சிங்கம் உங்க கையவா பாக்கப் போகுது?" என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

அப்பாவின் கூட்டாளி என்று ஒருவர் வேன் கொண்டுவந்தார். நாலு பேரும் சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் ஏறினோம். கொழும்பு வெயிலுக்கே போனாலும் எங்கள் ஆட்கள் சுவெட்டர் இல்லாமல் மலை இறங்கமாட்டார்கள். தெஹிவளையில் வேர்த்துக் கொட்டியது.

"அம்மா, ஒட்டகச்சிவிங்கி பாருங்க!"

"பாத்துட்டேன் புள்ள."

பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று நான் சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டு முடித்ததும் அம்மா தன் சுவெட்டரை என்னிடம் கொடுத்தார்.

"வச்சுக்க. தம்பி தூங்கினா போத்திவிடு."

"உங்களுக்குக் குளிருமே?"

"எனக்குக் குளிராது."

கூட்டாளி மணி பார்த்தார். அம்மா அவரோடு வேன் நின்ற வாசல் பக்கம் போனார். "ஒரு வேலையா போறா, பின்னாடி வருவா" என்றார் அப்பா, குரங்குக் கூண்டைப் பார்த்தபடி.

ஹட்டன் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீட். தூங்கிய தம்பியை மடியில் வைத்து அப்பா, பக்கத்தில் நான், அடுத்த இடத்தில் அம்மாவின் சுவெட்டர். துணி போட்டால் இடம் நமக்குத்தான் என்று அம்மாதான் சந்தைக்குப் போகும்போது சொல்லித் தந்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் "ஆள் வருது" என்றேன்.

"எங்க பாப்பா உன் ஆளு? பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வருதா?" என்றார் கண்டக்டர். நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

கினிகத்தேனையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். அப்பா மெதுவாகச் சுவெட்டரை எடுத்து என் மடியில் வைத்தார். "உக்காருங்க" என்றார் அவளிடம்.

"அம்மா வந்தா எங்க உக்காருவாங்க?" என்று ஹட்டன் வரை அழுதேன்.

அன்றைக்கே அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பறந்துவிட்டதை லயத்துப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரெண்டு வருஷம் என்று போனவர் ஏழாம் வருஷம் வந்தார். அதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்திருந்தேன். தம்பி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாருக்கா அது?" என்று கேட்டான்.

அம்மா வரமாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். அத்தனை பேர் நின்றுகொண்டு வர, கினிகத்தேனை வரைக்கும் அந்தச் சுவெட்டரை அவர் ஏன் எடுக்கவில்லை என்பதுதான் வெகு காலம் எனக்கு விளங்காமல் இருந்தது.