பஞ்சர் சட்டியில் ஒரு தாளம்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் கடைக்கு வருகிறவர்கள் சைக்கிளோடு வருவார்கள். ஒருநாள் ஓர் உகாண்டா மாணவர் வெறுங்கையோடு வந்து பழைய ஸ்போக்ஸ் கம்பி கேட்டார். குனிந்துதான் நுழைந்தார், அத்தனை உயரம். கொடுத்த கம்பி ஒவ்வொன்றையும் எதிலாவது தட்டிப் பார்த்தார்: சாயா கிளாஸ், பெடல், கடைசியில் என் ஹெல்மெட்.

"எதுக்கு இது?" என்றேன்.

கல்லூரியில் கற்ற மலையாளத்தோடு என் தமிழையும் கலந்து சொன்னார். அவர் அச்சோலி இனம். பாதிச் சுரைக்குடுவையைச் சைக்கிள் கம்பிகளால் தட்டிக்கொண்டே ஆடுவது அவர்கள் ஆட்டம். விடுதியில் அவர் இனத்து மாணவர்கள் நாலு பேருக்கு செல்போன் பாட்டுக்குத்தான் ஆட வருகிறதாம்; அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத்தான் கம்பி.

"இது ஆடத் தெரியலேன்னா எங்க ஊர்ல பெண்ணு கிட்டாது, சேட்டா. நாலு பேரும் ஒண்டிக்கட்டையா நிப்பாங்க."

சுரைக்குடுவைக்கு எங்கே போவது? பஞ்சர் பார்க்கும் சட்டியில் அவர் கண் விழுந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, கம்பிக் கற்றையால் தட்டி, தோளைக் குலுக்கி நாலடி ஆடினார். எதிரே மிளகு மூட்டை சுமந்தவர்கள் சுமையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். சட்டியைக் கேட்டார், கொடுத்தேன்.

வாசலில் திரும்பினார். "சேட்டனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"பதினஞ்சு வருஷமாச்சு."

"ஆடினீங்களா?"

"இல்லையே."

மேலும் கீழும் பார்த்தார். "பின்னே எப்படி?"

வீட்டில் மனைவியிடம் அதையே கேட்டேன்.

"பதினஞ்சு வருஷமா நானும் அதைத்தான் யோசிக்கறேன்" என்றாள்.

இப்போது பக்கெட்டில் பஞ்சர் பார்க்கிறேன். சட்டியைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. நாலு பேர் கல்யாணம் அதில் இருக்கிறது.