கடைசியாக ஆடிய நாள்

எங்கள் பகுதிப் பையன்கள் கைபேசியில் ஆடும் கால்பந்து விளையாட்டுக்காக ஒரு புள்ளிவிவரத் தளம் அமைத்தேன். யார் எத்தனை கோல் போட்டார்கள், எப்போது ஆடினார்கள் என்று அது காட்டும். தளம் ஓடுவது, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்த மூல மென்பொருளில். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் நானே தமிழாக்கி அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பினேன்; சேர்த்துக்கொண்டு, தமிழ்ப் பகுதியை என் பொறுப்பிலேயே விட்டார்கள். ஒரு பிழை கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள், தளத்தில் போட்டிருந்த என் எண்ணுக்கு ஒரு பெண் அழைத்தாள்.

"அண்ணா, குளச்சல்ல இருந்து பேசுதேன். எந்தம்பி உங்க சைட்டுல உண்டு. கடலுக்குப் போனவன் இன்னும் வரல்ல. அம்மா தெனமும் அவன் பக்கத்தத் தொறந்து பாக்குதா. 'கடைசியாக ஆடிய நாள்'னு போட்டிருக்கு. அந்தக் 'கடைசி'ய மட்டும் எடுத்துத் தருவியளா?"

"இப்பமே மாத்துதேன்" என்றேன்.

'இதற்கு முன் ஆடிய நாள்' என்று மாற்றினேன்.

அதன்பின் அவள் அழைக்கவில்லை. அவனுடைய பக்கத்தில் அந்தத் தேதியும் மாறவில்லை. வெளியூர்க்காரர்கள் சிலர் 'கடைசியாக' என்பதுதான் நல்ல தமிழ் என்று அவ்வப்போது திருத்தம் அனுப்புகிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். காரணம் எழுதாமல் ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.