மூன்று நிமிடத்துக்குக் குறைவான தமிழினி

கோவிலம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உதயாவுக்குக் குட்டி வீடியோ என்றால், பூனைக்குக் கருவாடு மாதிரி. ஒன்றே ஒன்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்து, தன் நிச்சயதார்த்தத்துக்கே லேட்டாகப் போன மாப்பிள்ளை அவன். அதற்குள் பெண் வீட்டார் கேசரியைத் தின்றே முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கே போனிலிருந்த வீடியோ ஆப்பைத் தூக்கிக் கடாசினான். கடை மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தட்டி எழுப்பி, சொந்தமாக ஒரு ஃபீட் ரீடர் அமைத்தான். அவன் சொல்லிவைத்த சேனல்களில் புதிதாக வருவதை அது ஒரே பக்கத்தில் அடுக்கிக் கொடுக்கும். மூன்று நிமிடத்துக்குக் குறைவான எதுவும் கண்ணில் படவே கூடாது என்று அதற்கு ஒரு விதியும் எழுதினான். ஆள் திருந்திவிட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவி தமிழினி சமையல் சேனல் தொடங்கினாள். உடனே அதை ரீடரில் சேர்த்தான். தினமும் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. வெட்கப்படுகிறாள் போல என்று விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அம்மா கிளியம்மாளை வைத்துக்கொண்டே சாப்பிடும்போது கேட்டான்.

“இன்னாம்மே, சேனலு சேனலுன்னு குதிச்சே, ஒரு வீடியோவையும் காணோம்?”

தமிழினி கரண்டியைக் கீழே வைத்தாள். “பன்னெண்டு போட்டுக்கீறேன்.”

“நானே பாத்தேன்டா. நெத்திலி சூப்பரு,” என்று கிளியம்மாள் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள்.

கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். பன்னிரண்டும் முக்கால் நிமிட வீடியோக்கள். பெண்டாட்டி என்றும் பார்க்காமல் விதி அத்தனையையும் ஒதுக்கியிருந்தது. திரும்பி வந்து உண்மையைச் சொன்னான்.

“அப்ப நான் குப்பையா?”

“நீ இல்லம்மா. நீளம்தான் கம்மி.”

புத்தியுள்ளவன் சொல்கிற பதிலா இது?

“இனிமே வீடியோ போட்டா ஏன்னு கேளு!”

சொன்னபடியே நிறுத்திவிட்டாள். உதயா பழைய பன்னிரண்டையும் கடையில் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் எதற்கு? வருவதற்குத்தான் ஒன்றும் இல்லையே.

அடுத்த வாரம் ரீடரில் தானாகவே ஒரு வீடியோ வந்து நின்றது. தமிழினி ஆட்டுக்காலைக் குக்கரில் போட்டு மூடினாள். வழக்கமாக இந்த இடத்தில் வெட்டி, அடுத்த நொடியே சூப்பைக் காட்டுவாள். இப்போது வெட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

“இன்னாயா, இப்போ தெரியிறேனா? விசில் அடங்குற வரிக்கும் இங்கதான் இருப்பேன். நீயும் எங்கியும் போவாதே.”

ஜாக்கெட்டைக் கெடுத்த டெய்லரைத் திட்டினாள். உதயா வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதை நடித்துக் காட்டினாள். முதல் விசிலுக்குத் தானே திடுக்கிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சார்ஜர் வாங்க வந்த ஆரோன் எட்டிப் பார்த்தான். “இன்னாண்ணா, சமையலா?”

“இல்லடா. என் பொண்டாட்டி.”

“எத்தினி விசிலு?”

“பத்து.”

“அப்போ நான் நாளிக்கி வர்றேன்ணா.”

ராத்திரி சூப்பை ஊற்றிக்கொண்டே தமிழினி கேட்டாள், “ரூலை மாத்திட்டியா?”

அந்த ஒரு வரியைச் சாயந்திரமே எழுதிவிட்டு, அழித்தும் இருந்தான். விலக்குக் கொடுத்தால் மறுபடி முக்கால் நிமிடத்தில் எழுந்து போய்விடுவாளே!

“எங்க மாத்துறது? ரொம்பக் கஷ்டமான ரூலும்மா அது.”

“ஓகோ,” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுநாளுக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள்.

கொண்டைக்கடலையும் லேசில் வேகாது.