மூன்றாம் முறை

என் மேசை இழுப்பறையில் ஒரு சிம் அட்டை கிடக்கிறது. சில்லு இன்னும் பெயர்த்தெடுக்கப்படாத, முழு அளவு வெள்ளை அட்டை. அதன் மேல் நீல ஸ்கெட்ச் பேனாவால் ‘6, தம்பி படகு’ என்று எழுதியவர் எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அக்கா. அந்த அட்டை எந்தப் போனிலும் ஒருநாளும் வேலை செய்ததில்லை. அதைக் கெடுத்தவள் நான்.

கிளியனூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அப்போது நான் ஆராய்ச்சி உதவியாளர். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். வழக்கமான செல்போன் டவர்கள் எட்டாத கடலில் மீனவர்கள் பேசிக்கொள்வதற்காக, சோதனை அனுமதி வாங்கி, சொந்தமாக ஒரு சிறிய வலையமைப்பை அமைத்துக்கொண்டிருந்தோம். பொம்மையார்பாளையம் கரையில் ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் ஆன்டெனா, ஆறு படகுகள், ஆறு அட்டைகள். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த அட்டைகளுக்கு மாற்று கிடையாது. எங்கள் வலையமைப்பின் விவரங்களை அவற்றில் பதிய, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருளை வைத்திருந்தோம். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு ரகசிய எண். அதை மூன்று முறை தவறாகக் கொடுத்தால் அட்டை தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

அட்டையோடு வந்த தாளைப் பார்த்து அக்கா ஒவ்வோர் இலக்கமாக வாசிப்பார். நான் தட்டியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “ரேஷன் கடை மாதிரி இருக்குக்கா” என்பேன். “இருக்கட்டும்மா. ஜல்தியா பண்ணா மட்டும் மீனு வந்து கொட்டப்போவுதா?” என்பார்.

அன்று அவர் சாப்பிடப் போயிருந்தார். எனக்குப் பட்டியல் ஒழுங்காக இருக்க வேண்டும். கணினியில் அட்டை எண்களை வரிசைப்படுத்தினேன். பக்கத்துப் பத்தியிலிருந்த ரகசிய எண்கள் நகராமல் அங்கேயே நின்றதைக் கவனிக்கவில்லை. முதலில் வந்தது அக்காவின் தம்பி படகுக்கான அட்டை; அதற்கு நேரே நின்றது வேறோர் அட்டையின் எண். ‘தோல்வி’ என்றது திரை. எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று சொல்லவில்லை. தூசியால் எண் போய்ச் சேரவே இல்லை என்று நினைத்து, துப்பட்டாவில் துடைத்து மறுபடி போட்டேன். மூன்றாம் முறை வந்த செய்தி வேறாக இருந்தது: ‘அட்டை பூட்டப்பட்டது.’

அக்கா வந்து தாளையும் திரையையும் வரிவரியாக ஒப்பிட்டார். வேறொரு படகின் அட்டையைத் தம்பிக்கு மாற்றித் தரலாம் என்றேன். “அந்த வீட்ல போயி யாரு சொல்றது?” என்றார். துறைத்தலைவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். “அவருக்கு இன்னாம்மா? கடலுக்குப் போறவன்கிட்ட சொல்லு.”

சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தம்பி சிரித்தார். “மூணு தபா தப்பா சொன்னா செத்துடுமா மேடம்? என் பொண்டாட்டிகிட்ட தெனம் முப்பது தபா தப்பா சொல்றேன், இன்னும் சோறு போட்டுக்கினுதான் கீறா.” அக்கா சிரிக்கவில்லை.

சோதனை நாளன்று ஆறு படகுகளும் கடலில் இருந்தன, தம்பி படகில் மட்டும் எங்கள் போன் இல்லை. காலையிலேயே காற்று வலுத்தது. திரும்பி வரும்படி கொட்டகையிலிருந்து போன் செய்தோம். ஐந்து படகுகள் பதிலளித்தன, ஒவ்வொன்றாகக் கரையேறின. பட்டியலில் ஐந்து டிக். ஆறாவது வரி காலி. பேனாவோடு நான் உட்கார்ந்திருக்க, அக்கா வாசலில் தண்ணீரைப் பார்த்து நின்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உச்சிவேளையில் அந்தப் படகு வந்தது. முழுக்க நனைந்திருந்த தம்பி கொட்டகைக்குள் தலையை நீட்டினார். “வந்துட்டேன்னு எழுதிக்கோங்க மேடம்.” அதன் பிறகுதான் அக்கா மணலில் உட்கார்ந்தார்.

அந்த வாரமே மென்பொருளில் சில வரிகள் சேர்த்தேன். எண் ஒருமுறை தவறினால் மிச்ச வாய்ப்பைக் காட்டும். ‘ஆம்’ என்று தட்டாமல் மேலே போகாது. அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பியபோது, எதற்கு என்று கேட்டார்கள். ஓர் அட்டையைப் பூட்டிவிட்டேன் என்று மட்டும் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது தொழிற்சாலைகளுக்கு இதே வேலையைச் செய்கிறேன். போன வாரம் தம்பி போனில் அழைத்து, அக்கா இறந்துவிட்டதாகச் சொன்னார். சாவுக்குப் போய் வந்த மறுநாள், அதே மென்பொருளில் ஓர் அட்டையின் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டு, பக்கத்து மேசைப் பெண் அலுத்துக்கொண்டாள்: “இது ஏங்க நடுவுல நின்னு நின்னு கேக்குது? ஒரே பேஜாரு.”

இழுப்பறையைத் திறந்து அட்டையை அவளிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் நீல எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீங்க சொன்னீங்களே, அந்த அக்கா உங்கள மன்னிச்சாங்களா?”

“நான் கேக்கவே இல்ல” என்றேன்.

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் தாளை எடுத்து முதல் இலக்கத்தை வாசித்தாள். நான் தட்டினேன், திருப்பிச் சொன்னேன்.