ஆலாத்தித் தட்டும் பின்கதவும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இப்போது மகளின் மகளையும் வளர்க்கிறேன். எல்லாம் ரப்பர் பால் வெட்டிய கையால். ஒருவரிடமும் போய் நின்றதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது, அதனால் எழுத்து கோணலாக வரும். வாயால் கேட்க முடியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேத்தியின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளை உக்குவளைப் பக்கம் பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் வகுப்பில் இருக்கும்போதே வயதுக்கு வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டையில் கறை. அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை, செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தாளாம். நான் எதையும் சொல்லி வைக்கவில்லை. என் அம்மாவும் எனக்குச் சொன்னதில்லை. அதே வகுப்பில் படிக்கிற தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளும் அவள் கூட்டாளிகளும் பிள்ளை உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டு, கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

எங்கள் வழக்கப்படி பதினாறு நாள் அவளைப் பின்னறையில் வைத்தேன். பக்கத்தில் வேப்பிலை, ஓர் இரும்புத் துண்டு. கையில் போன். ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனபோது, “உக்காருங்க அம்மாயி, படம் பாப்போம்,” என்றாள்.

பழைய வெள்ளைக்காரப் படம். ஏதோ கதைப் புத்தகத்தை வைத்து எடுத்ததாம். கீழே ஓடுகிற எழுத்து எனக்கு எட்டாது, அவள் சொல்லச் சொல்லப் பார்த்தேன். அந்தப் படத்திலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் குளிக்கிற இடத்தில் அப்படி ஆகிறது. மற்றவர்கள் சுற்றி நின்று கத்துகிறார்கள். பிறகு ஒரு விழாவில் அவளை மேடையேற்றி, தலையில் கிரீடம் வைத்து, மேலேயிருந்து ஒரு வாளி பன்றி இரத்தத்தைக் கொட்டுகிறார்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. சும்மா பார்க்கிறாள். கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளே, நெருப்போடு.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேத்தி அந்த இடத்தை மறுபடியும் போட்டாள்.

“இத ஏன்டி திரும்பத் திரும்பப் பாக்குற?”

“நல்லா இருக்கு அம்மாயி. அந்தப் புள்ளைக்கும் வீட்டுல ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கோயில் மண்டபத்தில் வைக்கிற சடங்குக்கு அந்தப் பிள்ளைகளை அழைக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். நான் கேட்டால்தானே? “வரட்டும்டி. ஒன் மாமன் கொண்டார சீரப் பாத்தாளுகன்னா வாயடைச்சுப் போயிருவாளுக,” என்றேன். தாலியுள்ள கட்டுக்கழுத்திகள் ஆலாத்தி சுற்றிய பிறகு தோழிப்பிள்ளை ஒருத்தியும் சுற்ற வேண்டும். அதற்குக் கணக்கப்பிள்ளையின் மகளையே சொல்லி வைத்தேன். அவர்கள் வாசலில் நாற்பது வருடம் நான் பால் வாளியோடு நின்றிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் எங்கள் வீட்டுத் தட்டைத் தூக்கட்டும் என்று ஓர் ஆசை.

இதைச் சொன்னபோது பேத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மாயி, கோயில் மண்டபத்துப் பின்கதவுக்கு வெளிப்பக்கமாவும் கொண்டி இருக்கா?”

“இருக்கு. ஏன்டி?”

“சும்மாதான்.”

அன்றைக்கே கடையில் ஒரு பூட்டு வாங்கினேன்.

சடங்கன்று மணவறையில் அவளை அலங்கரித்து உட்கார வைத்தார்கள். தலையில் வாடகைக்கு எடுத்த கிரீடம். தாலியிழந்தவள் நல்ல காரியத்தில் முன்னே நிற்கக் கூடாது என்பதால் நான் பின்கதவோரம் நின்றேன். அவள் அந்த வழியாக வெளியே போக முடியாதபடி வெளிக் கொண்டியில் அந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை மடியில் முடிந்திருந்தேன்.

கணக்கப்பிள்ளையின் மகள் தட்டோடு வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், அப்படியே இரத்த நிறம். கூட்டாளிகள் மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். “கிட்டப் போடி, கிட்டப் போ,” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்தினாள். தட்டு கிரீடத்துக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. பேத்தி தட்டைப் பார்க்கவில்லை. பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தட்டைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். முழுத் தண்ணீரும் என் தலையில், முகத்தில், வெள்ளைச் சேலையில் வழிந்தது.

“ஐயோ, தாலியறுத்தவ கையிலயா ஆலாத்தி!” என்று என் நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“அப்பத்தாவுக்கு இப்பத்தான் சடங்கு,” என்றாள் கணக்கப்பிள்ளையின் மகள். அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. போன்கள் என் பக்கம் திரும்பின.

பேத்தி எழுந்தாள். கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, சத்தம் ஏறாமல் சொன்னாள்: “சாப்பாடு ரெடி. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.” அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தியும் சாப்பிடவில்லை.

இது நடந்து மூன்று நாளாகிறது. நான் சிவப்பாக நிற்கிற படம் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றுகிறதாம். சிரிப்பு என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பேத்தி அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறாள், அந்தப் படத்தைப் பார்த்த அதே முகத்தோடு. “கேலி பண்ணுறவளுக எல்லாம் ஒரே வகுப்புலதான் இருக்காளுக அம்மாயி,” என்றாள் நேற்று. சட்டையை வெளுத்து, ஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டியிருக்கிறாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாளாம். அடுப்படியில் இருந்த தீப்பெட்டியை இன்று காலையிலிருந்து காணவில்லை.

பூட்டின் சாவி இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. இதை உனக்குத்தான் எழுதினேன், பேத்தி. அன்றைக்கு நீ கொண்டியைக் கேட்டது, அவர்கள் சிரித்தால் வெளியே ஓடவா, இல்லை அவர்களை உள்ளே வைத்துப் பூட்டவா? ஓடுவதற்கென்றால், நான் உன் வழியைத்தான் அடைத்துவிட்டேன். இங்கே வாம்மா. என் எழுத்து உனக்குப் புரிகிறதா பார். முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டு. கொண்டி வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.